மடிக்கொடியில் ஒரு சட்டை

சோமசேகரனுக்கு இரண்டு வேலைகள். ஒன்று பிறப்பிலேயே வந்தது. மற்றதைப் பற்றி உறவினர் யாராவது விசாரித்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

பிறப்பில் வந்தது ஒரு சின்ன சிவன் கோயில். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு இறங்கி வரப்பில் நடந்தால் வரும். கோபுரம் இல்லை. கருவறை, முன்னால் நான்கு கால் மண்டபம், பக்கத்தில் சமைக்க ஒரு தகரக் கொட்டகை, பின்னால் குளம். டவுனில் பெரிய கோயிலில் பூஜை செய்யும் குடும்பங்களுக்கு இவர் தூரத்து உறவு. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை வரும். போனால் சாப்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் ஒன்றும் கேட்காதவரை நிம்மதி.

அண்ணன் ஸ்கந்தன் பெங்களூரில் ஒரு கோயிலில் குருக்கள். அங்கே நல்ல பெயர், சொந்த வீடு, கார். ஊர்க் கோயிலின் விசேஷங்களை அண்ணனும் தம்பியும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் செய்ய வேண்டும் என்பது அப்பா வைத்த முறை. தினசரி பூஜைக்கு அப்படி முறை எதுவும் வைக்கவில்லை. அது சோமசேகரனிடம் நின்றுவிட்டது. விடியற்காலையில் போய் அபிஷேகம் செய்து, விளக்கேற்றி, நைவேத்தியம் காட்டிப் பூட்டுவார். பிறகு வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றிவிட்டு பேண்ட் சட்டையில் வேங்கிக்கால் பக்கம் வண்டியை விடுவார். கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புது வீட்டு மனைகளையும் தாண்டி, காலி நிலத்தில் புகழேந்தியின் ஷெட் இருந்தது.

அங்கே குழாய் செய்கிறார்கள். தோல் பதனிடும் இடங்களுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் போகிற குழாய். இரும்புக் குழாயில் ஆசிட் ஓடினால் குழாய் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதற்கு மாற்றாகத்தான் கண்ணாடி நார்க் குழாய். கண்ணாடியை உருக்கி இழுத்த நார், பார்க்கப் பட்டுநூல் மாதிரியே இருக்கும். அதை ரெசின் என்ற பிசினில் தோய்த்து, சுழலும் இரும்பு உருளையின் மேல் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். ரெசின் இறுகியதும் உருளையை உருவிவிட்டால் குழாய். துரு ஏறாது. ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. பெரிய குழாயையே இரண்டு பேர் தோளில் வைத்து நடக்கலாம்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த சோமசேகரனை புகழேந்தி சோதனைக்கு வைத்துக்கொண்டார். குழாய்க்குள் விளக்கை நீட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது காற்றுக் குமிழ் இருக்கிறதா, ரெசின் ஊறாமல் நார் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்து சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. குழாயின் உட்புறம் மழை நின்ற கல்தரை போல வழுவழுப்பாக இருக்கும். விளக்கொளி அதில் வளைந்து வளைந்து கடைசிவரை போவதைப் பார்த்துக்கொண்டு குனிந்தபடியே நிற்பார். ஷெட்டில் எல்லோரும் அவரை சாமி சார் என்று கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு போய் வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

அந்தக் காலத்தில்தான் ஒரு கல்யாணப் பந்தியில் ஸ்கந்தன் கேட்டார்.

"அங்கே என்னடா வேலை நோக்கு?"

"குவாலிட்டி, அண்ணா."

"கையால ஒண்ணும் பண்றதில்லையே?"

"இல்லண்ணா. பாக்கறதோட சரி."

"அதானே பாத்தேன். சுவாமியைத் தொடற கை."

சொன்னபோது அது உண்மை. பிறகு ஷெட்டில் ஆட்கள் குறைந்தார்கள். சிலர் ஓசூர் போனார்கள், சிலர் ஆட்டோ எடுத்தார்கள். புகழேந்தி நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, "இன்னா சாமி சார், ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். சோமசேகரன் பிடித்தார். அதற்கப்புறம் அவர்தான் அறுத்தார்.

குழாயைச் சுற்றும்போது நார் சாதுவாக இருக்கும். அறுக்கும்போது அது வேறு. மாவு போலப் பறக்கும். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டாலும் கழுத்து வழியாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத முட்கள். முழங்கை மடிப்பில், இடுப்பில், காலர் உரசும் இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். ஷெட்டில் அவருக்கு மூத்தவரான சகாதேவன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வீட்டுக்குப் போயி சுடுதண்ணி ஊத்திக்காதீங்க சாமி சார். பச்சத்தண்ணிதான். சுடுதண்ணி பட்டா தோலு கதவத் தொறந்துடும். அது உள்ள பூந்து குடித்தனம் பண்ணும். காலி பண்ண வெக்க முடியாது."

சோமசேகரன் ஷெட்டிலேயே குளித்தார். வேலைச் சட்டையை அங்கேயே துவைத்து அங்கேயே காயப் போட்டார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் வீடு திரும்பினார். மனைவி காமேஸ்வரிக்கு மட்டும் தெரியும். அவர் முதுகில் சிவந்த புள்ளிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவும்போது அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருமுறை மட்டும், "அண்ணாட்ட சொல்லிட்டா என்ன?" என்றாள். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

இந்த வருஷம் ஐப்பசிப் பௌர்ணமியில் லிங்கத்தைச் சாதத்தால் மூடும் அன்னாபிஷேகம் அவருடைய முறை.

அரிசி கொடுப்பதாகச் சொன்னவர் அப்பாதுரை. இவ்வளவு காலம் குத்தகைக்கு உழுதவர். போன வருஷம்தான் பங்காளி விற்ற நிலத்தை அவரும் மனைவி வேதாவும் வாங்கினார்கள். சொந்த மண்ணில் முதல் அறுவடை. நெல்லைக் குத்தி, கல் பொறுக்கி, மூட்டையாகக் கட்டி மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். "வேற ஆருகிட்டயும் அரிசி வாங்கிறாதீங்க ஐயரே. சாமி மொத்தத்தையும் எங்களுதுலயே மூடணும்" என்று சொல்லியிருந்தார். வேதா அந்த அரிசியில் தங்கள் வீட்டுக்கு இன்னும் ஒரு பிடிகூட உலையில் போடவில்லை. சாமிக்கு ஆன பிறகுதான்.

பௌர்ணமி அன்று ஷெட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். கிரிவலப் பாதையில் ஆளாளுக்கு ஒரு கடை. சகாதேவன் வீட்டில் டீ, இன்னொருவர் வீட்டில் சுண்டல். சோமசேகரனும் லீவு சொல்லியிருந்தார். காலையில் புகழேந்தி போன் செய்தார். ராணிப்பேட்டை பக்கம் ஓர் ஆலையில் பழைய இரும்பு லைன் அரித்து ஆசிட் ஒழுகுகிறதாம். லாரி வந்து நிற்கிறது. குழாய்கள் தயார். அளவுக்கு அறுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

"சாமி சார், உங்களத் தவிர ஆரும் எடுக்கல போன. நான் இன்னா பண்ணட்டும்?"

கூடமாட உதவ ஸ்கந்தன் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடித்துவிடலாம் என்று போனார். அறுத்தார். குழாய்களை ஏற்றி லாரி கிளம்பியபோது உச்சிவெயில். குளிக்கக் குழாயடிக்குப் போனவரை புகழேந்தி கூப்பிட்டார்.

"சாமி சார், போலீஸ்காரங்க ரோட்ட மறிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். வண்டி உள்ள உடமாட்டாங்க. குளிச்சினு நின்னீங்கனா நடந்துதான் போவணும்."

குளிக்காமலேயே வண்டியை எடுத்தார். வெள்ளைச் சட்டை பையில் இருந்தது. உடம்பு முழுக்க நாரோடு அதை மாட்டினால் அதுவும் வீணாகும் என்று வேலைச் சட்டையிலேயே வந்தார். வீட்டு வாசலில் அண்ணன் கார் நின்றது.

பின்கட்டு வழியாக நுழைந்தார். கூடத்தில் ஸ்கந்தன் குரல் கேட்டது. காமேஸ்வரி காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றினார். அதில் நார்த்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கே வைப்பது? அண்ணன் கை கால் கழுவப் பின்கட்டுக்குத்தான் வருவார். வாளியில் போட்டால் பார்ப்பார். கிணற்றடியில் போட்டாலும் பார்ப்பார்.

பின்கட்டு அறையில் மடிக்கொடி இருந்தது. பூஜை வேட்டிகளைத் துவைத்துக் காயப்போடும் உயரமான மூங்கில். குளிக்காமல் அதை யாரும் தொடக் கூடாது. அடுத்தவர் துணியாக இருந்தால் குளித்துவிட்டும் தொடமாட்டார்கள். ஐப்பசி மழையில் வெளியே காயாது என்பதால் அடியில் மின்விசிறி போட்டிருந்தது. கருவறைக்குள் கட்ட ஒன்று, சாதம் ஆறப்போட விரிப்பதற்கு மூன்று நான்கு என்று வேட்டிகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கின. அண்ணன் கண்ணுக்கும் கைக்கும் படாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். சோமசேகரன் கோலால் சட்டையைத் தூக்கி, வேட்டிகளுக்குப் பின்னால் கொடியில் போட்டார்.

பச்சைத்தண்ணீரில் நெடுநேரம் குளித்தார். தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். திரும்பி வந்து சட்டையை எடுத்துச் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டு, மறுபடியும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு, கொடியிலிருந்த வேட்டியைக் கட்டினார். மீதி வேட்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னடா இவ்ளோ நாழி?" என்றார் ஸ்கந்தன். "கம்பெனிக்கா போனே இன்னிக்கும்?"

"சும்மா, ஒரு சரக்குப் பாக்க வேண்டியிருந்தது அண்ணா."

"நல்ல நாள்ல கூட விடமாட்டான் போலிருக்கே. பெரிய ஆபீசர்தான் போ." ஸ்கந்தன் சிரித்தார். தம்பியை நினைத்துப் பெருமைப்படுகிற சிரிப்பு.

கோயிலில் சமையல் ஸ்கந்தன் பார்த்துக்கொண்டார். வடித்த சாதத்தைக் கொண்டுவந்து மண்டபத் தரையில் விரித்த வேட்டிகளில் கொட்டினார்கள். ஆவி பறந்தது. வெள்ளை வேட்டியில் வெள்ளைச் சாதம். அப்பாதுரை தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எப்போதோ இடுப்பில் கட்டியிருந்தார்.

"மல்லிப்பூ கணக்கா இருக்குது பாரு" என்றார் வேதாவிடம். அவள் அவர் கையைத் தட்டினாள். "கண்ணு வெக்காத. சாமிது."

சாதம் ஆறியதும் சோமசேகரன் கருவறைக்குள் உட்கார்ந்து லிங்கத்தின் மேல் சாத்தத் தொடங்கினார். இரண்டு கைகளாலும் அள்ளி, அழுத்தி, வழவழப்பாக மெழுகுவதுபோலப் பூச வேண்டும். ஸ்கந்தன் தாம்பாளம் தாம்பாளமாக உள்ளே நீட்டினார். வேலை பாதியில் இருக்கும்போது இடுப்பில் அரித்தது. வியர்வை என்று நினைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அள்ளினார். முழங்கை மடிப்பில் அரித்தது. பிறகு உள்ளங்கையில்.

தீபாராதனை ஆயிற்று. திரை விலகியபோது வெளியே பெருமூச்சு போல ஒரு சத்தம் எழுந்தது. லிங்கம் முழுக்க வெள்ளையாக, மேலே ஒரு வில்வம். வரிசை மண்டபத்தைத் தாண்டி வரப்பு வரைக்கும் நின்றது. கிரிவலம் போகிறவர்கள் பாதையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

இனி சாதத்தைக் கலைக்க வேண்டும். லிங்கத்தின் உடம்பில் சாத்தியதைக் குளத்தில் கரைத்துவிடுவது வழக்கம். கீழே ஆவுடையார் பீடத்தின் மேல் இருப்பதைத் தயிரில் பிசைந்து ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். ஸ்கந்தன் தயிர் அண்டாவோடு காத்திருந்தார்.

சோமசேகரன் ஆவுடையாரிலிருந்து ஒரு கை அள்ளினார். தீபம் பக்கத்தில் இருந்தது. பருக்கைகளுக்கு நடுவே மினுமினுப்பாக ஏதோ தெரிந்தது. நெய் என்று நினைத்தார். கையைச் சாய்த்தார். மினுமினுப்பும் சாய்ந்தது, ஊசி ஊசியாக. கட்டைவிரலால் நசுக்கினார். குத்தியது. அந்தக் குத்தல் அவருக்குத் தெரியும்.

வேட்டியைப் பார்த்தார். மடிப்புகளில் அது தூவியதுபோல இருந்தது. விரித்த வேட்டிகள் நினைவுக்கு வந்தன. மின்விசிறி நினைவுக்கு வந்தது.

வெளியே தயிரில் கொத்துமல்லி கிள்ளிப் போடும் வாசனை. வரிசையின் முன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நின்றாள். குழந்தை ஏற்கெனவே கையை நீட்டியிருந்தது.

சொல்ல வேண்டும். அண்ணா, இதைத் தின்னக் கூடாது, என்று சொல்ல வேண்டும். ஏன் என்று அண்ணன் கேட்பார். சட்டை என்று சொல்ல வேண்டும். எந்தச் சட்டை என்பார். நீ பார்க்கிறவன்தானே, உன் சட்டையில் எப்படி வரும் என்பார். மடிக்கொடியிலா போட்டாய் என்பார். இத்தனை பேர் முன்னால்.

"என்னடா, எடு" என்றார் ஸ்கந்தன்.

"அண்ணா." அள்ளியதைத் திரும்பப் போட்டார். "பல்லி."

"என்னது?"

"மேலேர்ந்து பல்லி விழுந்துடுத்து. சாதத்துக்குள்ள போயிடுத்து. எங்கேன்னு தெரியல."

ஸ்கந்தன் முகம் மாறியது. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தயிர் அண்டாவின் மேல் தட்டைக் கவிழ்த்தார். மண்டபத்துக்கு வந்து கையை உயர்த்தினார்.

"எல்லாரும் மன்னிக்கணும். பிரசாதத்துல பல்லி விழுந்துடுத்து. கொடுக்க முடியாது. மொத்தத்தையும் குளத்துல கரைச்சுட்டு சுத்தி பண்ணணும். சுவாமி சித்தம்."

சோமசேகரனுக்கு மூச்சு வந்தது. யாரும் தின்னப் போவதில்லை. முடிந்தது. குளத்தில் மீன் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளினார்.

வரிசையில் பேச்சு கிளம்பியது.

"சாமி சாதத்துலயா பல்லி? நல்ல சகுனம் இல்லியே."

"ஆரு குடுத்த அரிசி?"

"அப்பாதுரை. புது நெலத்து அரிசியாம்."

"அதான பாத்தேன். பங்காளி கஷ்டத்துல வித்தான். இவன் அடிமாட்டு ரேட்டுல அமுக்கினான். வயிறு எரிஞ்சிருப்பான் இல்ல?"

"மெதுவா பேசு, அந்தம்மா நிக்குது."

வேதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற காமேஸ்வரி அவள் தோளைத் தொட்டாள். தொட்டபடியே கருவறைப் படியில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். காமேஸ்வரியின் பார்வை அந்தக் கையிலேயே நின்றது. பிறகு தரையில் கிடந்த வேட்டிகளுக்குப் போனது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பாதுரை படிவரைக்கும் வந்தார்.

"இன்னா தப்பு பண்ணேன் ஐயரே?"

சோமசேகரன் அண்ணன் பக்கம் பார்த்தார்.

"நீங்க தெனமும் சாமியத் தொடறவரு. உங்களுக்குத் தெரியும். ஏமாத்தி வாங்கல. அவன் கேட்டதக் குடுத்தேன். கம்மி பண்ணிக் குடுன்னுகூட வாயத் தொறக்கல. ஏன் எங்க அரிசி ஆவல?"

"அப்பாதுரை, அப்படியெல்லாம் நினைக்கப்படாது" என்றார் ஸ்கந்தன். "பரிகாரம் இருக்கு. பயப்படாதீங்கோ."

பரிகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாதுரையின் முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் தப்பு நடந்திருக்கிறது. அவர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சோமசேகரனின் பாதத்தைத் தொடக் கையை நீட்டினார்.

சோமசேகரன் துள்ளிப் பின்னால் போனார். தன் மேலிருப்பது அவர் கையில் ஒட்டிவிடக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் தோன்றியது. பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி இருந்தது. சாமியும் தள்ளிவிட்டது, ஐயரும் தள்ளிவிட்டார். வேதா சத்தமாக அழுதாள்.

"எழுந்திருங்க" என்றார் சோமசேகரன். "அப்பாதுரை, எழுந்திருங்க. பல்லி விழல."

"சோமு" என்றார் ஸ்கந்தன்.

"பல்லி விழல அண்ணா. நான் பொய் சொன்னேன்."

அப்பாதுரை எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் மண்.

"சாதத்துல கண்ணாடி இருக்கு" என்றார் சோமசேகரன். யாரையும் பார்க்காமல் சொன்னார். "கண்ணாடி நார். தூள். நான் வேலை செய்யற இடத்துல ஆசிட் போற குழாய் பண்றோம். இன்னிக்கு நான்தான் அறுத்தேன். என் சட்டையில இருந்தது. அந்தச் சட்டையைக் கொண்டுபோய் மடிக்கொடியில போட்டேன். வேட்டிக்கு வந்துடுத்து. வேட்டியிலதான் சாதத்தை ஆறப் போட்டோம்."

"மடிக்கொடியிலயா?" ஸ்கந்தனின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஏன்டா?"

"நீங்க பாத்துடக் கூடாதுன்னு."

ஸ்கந்தன் தான் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். தாம்பாளம் ஏந்திய கைகளைத் திருப்பிப் பார்த்தார். அண்டாவைத் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போனார். தம்பி பக்கம் திரும்பவில்லை.

வரிசையில் ஒருவர் சிரித்தார். "பல்லியே தேவலாம் போலக்குதே!"

"துன்னுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" குழந்தையை வைத்திருந்தவள் குழந்தையின் வெறும் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் ஐயரே, நீங்க கம்பெனி வேலைக்கா போறீங்க? சொல்லவே இல்ல?"

அப்பாதுரைக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் எழுந்து சோமசேகரனுக்கு நேராக நின்றார்.

"அப்ப அரிசி?"

"அரிசி நல்ல அரிசி."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்லுங்க."

சோமசேகரன் வரிசையைப் பார்த்துச் சொன்னார். "அப்பாதுரை குடுத்த அரிசியில ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது."

"கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னார்.

"அங்க வரைக்கும் பல்லி போயிடுச்சு ஐயரே" என்றார் அப்பாதுரை. "இது போவல. வாங்க."

அவர் முன்னால் நடந்தார். சோமசேகரன் படியிறங்கிப் பின்னால் போனார். வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தில் வந்தாள். அவரை அவள் பார்க்கவில்லை. வரிசையில் நின்றவர்களிடம், "கேட்டுக்குங்க, ஐயரு சொல்றாரு, கேட்டுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் பேர் இருக்கும் இடத்தில் அப்பாதுரை நிற்பார். சோமசேகரன் சொல்வார். முதலில் குழாயையும் சட்டையையும் பற்றிச் சொல்லிப் பார்த்தார். அது யாருக்கும் புரியவில்லை. கண்ணாடிக் குழாயா, அது உடையாதா என்றார்கள். இது உடையாது, அரிக்காது என்று விளக்கப்போய் நாக்கு குழறியது. அடுத்த இடத்தில் அதை விட்டுவிட்டார். போகப் போகச் சொற்கள் குறைந்தன. அரிசி நல்லது. பல்லி இல்லை. தப்பு என் மேல்தான். சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்தார். தினமும் விபூதி வாங்குகிற ஓர் ஆள் அவர் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்தார். சோமசேகரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அங்கேயும் அரித்தது.

பின்னாலிருந்து காமேஸ்வரியின் குரல் கேட்டது. சாதத்தைக் குளத்தில் போட வேண்டாம், மீன் சாகும், குழி வெட்டுங்கோ என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு உரக்கப் பேசி அவர் கேட்டதில்லை.

வரப்பு பாதையோடு சேரும் இடத்தில் வரிசை முடிந்தது. அங்கே நின்றவர்கள் அப்போதுதான் வந்தவர்கள். மலையைச் சுற்றி வந்த களைப்பு, செருப்பில்லாத கால்களில் சேறு. நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பல்லியும் வந்து சேரவில்லை. வெற்றுடம்பில் பூணூலோடு ஒருவர் வருவதைப் பார்த்ததும் ஒரு பெண் விலகி வழிவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையை இடது கையில் தாங்கி விபூதிக்காக நீட்டினாள்.

சோமசேகரனின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்பில் விபூதிப் பை இருந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. எடுக்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அப்பாதுரையைப் பார்த்தார்.

"இரும்மா" என்றார் அப்பாதுரை அந்தப் பெண்ணிடம். "ஐயரு குளிச்சிட்டு வரட்டும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.